20 ஜிபி வீடியோ, கையில் கேபிள் இல்லை

காலை 7.30-க்கு முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கிறது. மாலை வரவேற்பில், மேடைக்குப் பக்கத்து எல்ஈடி திரையில் தாலி கட்டிய காட்சி மூன்று நிமிடப் படமாக ஓட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட்டார்கள். படம் பிடித்த பையன் ஐபோனில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து எடுத்திருக்கிறான். அந்த அளவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி ஆகும். 50 நிமிட ஃபுட்டேஜ் என்றால் 20 ஜிபி. எடிட்டர் மணமகன் அறையில் விண்டோஸ் லேப்டாப்போடு காத்திருக்கிறார். கேபிள் இருந்த பை, லைட் ஸ்டாண்டுகளோடு வேனில் ஏறி ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது.

கல்யாண வீடியோ வேலை என்றில்லை. களத்திலிருந்து பேட்டியை அனுப்பும் நிருபர், கட்டடத் தளத்தில் டிரோன் படம் எடுக்கும் பொறியாளர், வீட்டுமனை வீடியோ போடும் முகவர், யூடியூப் சேனலில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் என்று பலருக்கும் இந்த நெருக்கடி வாரம் ஒருமுறையாவது வரும். உடனே செய்வது, ஆப் ஸ்டோரைத் திறந்து ‘வேகமாக ஃபைல் அனுப்பும் செயலி’ என்று தேடுவது. அதில் பாதி நேரம் வீண். எந்தச் செயலியைப் போட்டாலும், ஃபைல் போகிற வழி குறுகலாக இருந்தால் வேகமும் அவ்வளவுதான். எந்த வழியில் போகிறது என்று பார்க்கத் தெரிந்தவர், செயலி எதுவானாலும் வேலையை முடித்துவிடுவார்.

முதலில் கணக்கு

பிராட்பேண்ட் விளம்பரத்தில் ‘100 எம்பிபிஎஸ்’ என்று போடுவது மெகாபிட் கணக்கு. ஃபைலின் அளவோ மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே விளம்பர எண்ணை 8-ஆல் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 எம்பிதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதலாளியிடம் “அரை மணியில் போயிரும் சார்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாலை வரை முழிப்பவர்கள் உண்டு.

நம் 20 ஜிபியை ஒவ்வொரு வழியாகவும் ஓட்டிப் பார்ப்போம். ப்ளூடூத்தில் நடைமுறை வேகம் நொடிக்குச் சுமார் 2 மெகாபிட். 1 ஜிபிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். 20 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு நாள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், நெரிசலான இடத்தில், நொடிக்கு 5 எம்பி கிடைத்தால் நல்லது. ஒரு மணி நேரம் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரண்டு கருவிகளும் நேரடியாகப் பேசிக்கொண்டால் நொடிக்கு 40 எம்பி என்பது எட்டக்கூடிய வேகம். வேலை சுமார் 8 நிமிடத்தில் முடியும். பெரும்பாலான ஃபோன்களோடு பெட்டியில் வரும் யூஎஸ்பி 2.0 கேபிளும் நடைமுறையில் நொடிக்கு 30, 40 எம்பி அளவில்தான் ஓடுகிறது. கேபிள் என்றாலே வேகம் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஐபோன் 15, 16 சாதாரண மாடல்களில் டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே ஓடுவது இந்தப் பழைய யூஎஸ்பி 2.0 வேகமே. ப்ரோ மாடல்களில்தான் நொடிக்கு 10 கிகாபிட் கிடைக்கிறது.

நேரத்தைச் சொல்லும் சூத்திரம் எளிது. ஜிபியை 1,000-ஆல் பெருக்கி, திரையில் நொடிக்கு எத்தனை எம்பி ஓடுகிறதோ அதால் வகுத்தால் நொடிகள் கிடைக்கும். முதல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, வேகம் நிலைத்த பிறகு கணக்குப் போடுங்கள். திரை காட்டும் ‘மீதி நேரம்’ அதுவரை குத்துமதிப்புதான்.

ஃபைல் எந்த வழியாகப் போகிறது?

பலருக்கு இங்கேதான் குழப்பம். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள் தங்களுக்குள் ஃபைல் மாற்றிக்கொள்ள இன்டர்நெட் வேண்டியதே இல்லை. ரவுட்டரின் பிராட்பேண்ட் வயரைப் பிடுங்கி வைத்தாலும் மாற்றல் நடக்கும். டேட்டா பேக்கிலிருந்து ஒரு எம்பிகூடக் குறையாது. அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய 20 ஜிபியை கூகுள் டிரைவில் ஏற்றி, அவரை இறக்கிக்கொள்ளச் சொல்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஏற்றும் வேகம் 30 எம்பிபிஎஸ் என்றால் ஏற்றுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும்.

சரி, இரண்டும் ஒரே ரவுட்டரில்தான் இருக்கின்றன, ஆனாலும் ஆமை வேகம். ஏன்? வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஃபோன் ஒரு துண்டை ரவுட்டருக்கு அனுப்புகிறது. ரவுட்டர் அதே துண்டை மறுபடி லேப்டாப்புக்கு அனுப்புகிறது. ஒரே டேட்டா காற்றில் இரண்டு தடவை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அலுவலகத்தில் இதற்கு மருந்து சுலபம்: கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் வயரால் இணைத்துவிடுங்கள். ஃபோன் மட்டும் காற்றில் இருக்கட்டும். ஆனால் ரவுட்டரின் லேன் துளை கிகாபிட் வகைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் துளை 100 மெகாபிட் வகை. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்தத் துளையில் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் போகாது. ரவுட்டருக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கிய அலுவலகம், அந்தப் பணத்தை எடிட்டர் காத்திருக்கும் சம்பளமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது பட்டை. இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. ஃபோன் தனக்குத் தோன்றியதில் ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து நடந்து வந்த ஃபோன் பெரும்பாலும் 2.4-லேயே தொங்கிக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று மறுபடி போட்டால் 5-க்குத் தாவிவிடும். ரவுட்டரின் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் உரிமமில்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 2018-ல் நன்றாக விரிவுபடுத்தப்பட்டது. அதனால் அந்தப் பக்கம் இடம் தாராளம்; 2.4-ல்தான் பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத் ஸ்பீக்கர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டி மோதுகின்றன. 5-க்கு ஒரு பலவீனம், சுவரைத் தாண்டினால் சுருண்டுவிடும். இரண்டு கருவிகளும் ஒரே அறையில் இருக்கட்டும்.

இனி மண்டபத்துக்கு வருவோம். மண்டபத்து வைஃபை, ஹோட்டல் வைஃபை, கல்லூரி வைஃபை மூன்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு. விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நிர்வாகிகள் தடுத்து வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கு அது சரியான ஏற்பாடு. ஆனால் உங்கள் ஃபோனும் லேப்டாப்பும் அதே வைஃபையில் அருகருகே இருந்துகொண்டு முகம் பார்த்துக்கொள்ளாது. அங்கே நின்று செயலியை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. சொந்த வழியைத் திறங்கள்.

ஒன்று, லேப்டாப்பிலேயே ஹாட்ஸ்பாட். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ இருக்கிறது. அதில் பட்டையை 5 கிகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்கலாம். சில லேப்டாப்புகளில் பகிர்வதற்கு ஏதாவது ஓர் இணைப்பு இருந்தால்தான் இது திறக்கும் என்று அடம்பிடிக்கும். அப்போது இரண்டாவது வழி: ஃபோனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை அதில் சேருங்கள். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பொத்தானை அணைத்து வையுங்கள். அது போட்டிருந்தால் ஹாட்ஸ்பாட் 2.4-க்கு இறங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் பட்டை கேட்கும், 5-ஐத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த லேப்டாப், ‘ஆகா, இன்டர்நெட் வந்துவிட்டது’ என்று விண்டோஸ் அப்டேட்டையும் ஒன்டிரைவ் ஒத்திசைவையும் தொடங்கிவிடும். நீங்கள் மாற்றும் ஃபைல் டேட்டாவைத் தின்பதில்லை, இவை தின்னும். அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிடுங்கள், அல்லது ஃபோனில் மொபைல் டேட்டாவை அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள்.

அடிக்கடி வெளியில் வேலை பார்க்கும் குழுவானால் என் சிபாரிசு மூன்றாவது வழி: சிம் கூட வேண்டாம், இரண்டு பட்டையும் உள்ள சின்ன டிராவல் ரவுட்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கிலேயே ஓடும் மாடல்கள் கிடைக்கின்றன. ஃபோன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் அதன் பாஸ்வேர்டை ஒருமுறை பழக்கிவிட்டால், எந்த ஊர் மண்டபமானாலும் உங்கள் நெட்வொர்க் உங்களோடு வரும்.

எந்தக் கருவிக்கு எது

ஐபோனிலிருந்து மேக்குக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏர்டிராப். 2011-ல் மேக்கில் வந்தது, 2013-ல் ஐபோனுக்கு வந்தது. ஆளைக் கண்டுபிடிக்க ப்ளூடூத்தையும், ஃபைலை அனுப்ப நேரடி வைஃபையையும் பயன்படுத்துகிறது. ரவுட்டர் நடுவில் இல்லாததால் மேலே சொன்ன பாதி வேகப் பிரச்சினையும் இல்லை. அனுப்பும் முன் பகிரும் திரையின் மேலே உள்ள ‘ஆப்ஷன்ஸ்’-ஐத் தொட்டு, ‘ஆல் ஃபோட்டோஸ் டேட்டா’வைப் போட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து விண்டோஸுக்குக் குயிக் ஷேர். கூகுள் 2020-ல் ‘நியர்பை ஷேர்’ என்று கொண்டுவந்ததைத்தான் 2024 தொடக்கத்தில் சாம்சங்கின் குயிக் ஷேரோடு சேர்த்து ஒரே பெயராக்கினார்கள். விண்டோஸுக்கான செயலியை லேப்டாப்பில் நிறுவி வைத்திருக்க வேண்டும். அனுப்பும்போது இரண்டிலும் ப்ளூடூத், வைஃபை இரண்டும் போட்டிருக்கட்டும். சில நேரம் வைஃபை கைகொடுக்காமல் ப்ளூடூத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். நொடிக்குச் சில நூறு கேபிதான் நகர்கிறது என்றால் அதுதான் நடந்திருக்கிறது. காத்திருக்காமல் ரத்து செய்துவிட்டு, இரண்டையும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கில் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் நடுவே பல வருடம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தது. 2025 நவம்பரில் கூகுள், பிக்ஸல் 10 வரிசையில் குயிக் ஷேரிலிருந்து ஏர்டிராப்புக்கு அனுப்பும் வசதியைத் தொடங்கியது. ஐபோன்காரர் ‘எல்லோரும், 10 நிமிடம்’ என்று திறந்துவைக்க வேண்டும். எல்லா ஃபோனிலும் இருக்கும் என்று நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் மண்டபத்துச் சிக்கல், ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு. அதற்கு நான் முதலில் கை நீட்டுவது லோக்கல்செண்ட். இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஒரே முகம். அனுப்புவதைப் பூட்டி அனுப்புகிறது. இரண்டு கருவியிலும் திறந்து, ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் ஒன்று மற்றொன்றின் பட்டியலில் தோன்றும். தோன்றாவிட்டால் பார்க்க வேண்டியவை சில. விண்டோஸ் முதல் தடவை ஃபயர்வால் அனுமதி கேட்டபோது யாரோ ‘வேண்டாம்’ அழுத்தியிருப்பார்கள். அல்லது அந்த வைஃபையை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று குறித்து வைத்திருக்கும், சொந்த நெட்வொர்க்கானால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். இரண்டில் ஒன்றில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் கண்ணில் படாது. ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியும் மறுக்கப்பட்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா, ஐபி முகவரியை நேரடியாகத் தட்டிப் பாருங்கள்.

இதற்கு முன்பு ஸ்டூடியோக்களில் எல்லோர் கையிலும் இருந்தது ஷேர்இட்டும் ஸெண்டரும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கோடு இவை இரண்டும் இருந்தன. இன்றும் யாராவது “என்கிட்ட ஷேர்இட் ஏபிகே இருக்கு, போட்டுத் தரேன்” என்பார்கள். வாடிக்கையாளர் வீட்டு விசேஷப் படம் இருக்கும் ஃபோனில், எங்கிருந்தோ வந்த ஏபிகேவை ஏற்றுவது வேலைக்கு உலை வைப்பதுதான்.

நிரந்தர அலுவலகத்தில் தினமும் மாற்ற வேண்டியிருந்தால் செயலியைவிடப் பகிர்ந்த ஃபோல்டர் நல்லது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டு, ஐபோனின் ஃபைல்ஸ் செயலியில் ‘கனெக்ட் டு சர்வர்’ வழியாகத் திறக்கலாம். 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் நல்ல ஃபைல் மேனேஜர்கள் பலவற்றில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதி இருக்கிறது. சில ஃபோன்களோடு வரும் எஃப்டிபி வசதியும் வேலை செய்யும். ஆனால் சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டும் ஃபைலும் பூட்டில்லாமல் போகும். சொந்த ரவுட்டரில் சரி, பொது வைஃபையில் தொடவே வேண்டாம்.

ஐபோன் வைக்கும் பொறி

‘அனுப்பு’ என்று அழுத்தியதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு பைட்டும் நகரவில்லை. வைஃபையைத் திட்டாதீர்கள். ஃபோட்டோஸ் அமைப்பில் ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால், பழைய வீடியோக்களின் அசல் ஃபோனில் இருக்காது, ஐகிளவுடில் இருக்கும். ஃபோனில் தெரிவது சிறு உருவம் மட்டும். நீங்கள் அனுப்பச் சொன்னதும் அது அசலை இன்டர்நெட்டிலிருந்து இறக்கப் பார்க்கிறது. சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் தரைத்தள அறையில் இது முடிகிற காரியமா? வேலைக்குப் பயன்படும் ஃபோனில் இந்த வசதியை அணைத்து, அசலையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் எடுத்தது பெரும்பாலும் ஃபோனிலேயே இருக்கும். நேற்று நலங்கில் எடுத்ததில்தான் சந்தேகம்.

இரண்டாவது, வடிவ மாற்றம். ஐபோன் இப்போது எச்ஈவிசி வடிவில் வீடியோ எடுக்கிறது. விண்டோஸுக்குக் கொடுக்கும்போது சில வழிகளில் அதுவே ‘பொருத்தமான’ வடிவத்துக்கு மாற்றத் தொடங்கும். நேரமும் போகும், தரமும் குறையும். ஃபோட்டோஸ் அமைப்பின் கீழே ‘கீப் ஒரிஜினல்ஸ்’ இருக்கிறது, கேபிளில் இறக்கும்போது அது காப்பாற்றும். செயலிக்குள் வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ‘ஆப்ஷன்ஸ்’ வந்தால் ‘கரன்ட்’ என்று வையுங்கள். எடிட்டரின் கம்ப்யூட்டரில் எச்ஈவிசி ஓடுமா என்பதை முகூர்த்தத்துக்கு முந்தின நாளே ஒரு சிறு கிளிப் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்ல உதவியாளரின் லட்சணம்.

மாற்றல் ஓடும்போது ஃபோனைத் தூங்கவிடாதீர்கள். ‘ஆட்டோ லாக்’கை அணையுங்கள், லோ பவர் மோடை எடுத்துவிடுங்கள், நடுவில் இன்ஸ்டாகிராமைத் திறந்து பார்க்காதீர்கள், பின்னணிக்குப் போன செயலியை ஐபோன் நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டிலும் பேட்டரி சேமிப்பு அப்படித்தான். சார்ஜரில் மாட்டி, உறை கழற்றி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். சூடேறினால் ஃபோன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் இது நிஜமான பிரச்சினை. லேப்டாப்பும் தூங்கக் கூடாது. அதில் 20 ஜிபிக்கு இடம் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். 18-வது ஜிபியில் ‘இடம் இல்லை’ என்று வந்தால் அழுகைதான் வரும்.

நூற்றுக்கணக்கான சிறிய படங்களை அனுப்பும்போது, மொத்த அளவு குறைவாக இருந்தாலும் நேரம் இழுக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகத் தொடங்கி முடிக்கும் சடங்கு இருக்கிறது. அவற்றை ஒரே ஜிப்பாகக் கட்டிவிட்டால் வேகமாகப் போகும். வீடியோவை ஜிப் செய்து அளவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது, இனிச் சுருங்காது.

வந்து சேர்ந்ததா?

‘100%’ என்று காட்டியதும் ஃபோனில் அழித்துவிட்டு அடுத்த சடங்கைப் படம் பிடிக்கக் கிளம்பும் உதவியாளரை எந்த ஸ்டூடியோவும் நீண்ட நாள் வைத்துக்கொள்ளாது. ஃபோன் எடுக்கும் பல வீடியோக்களில், எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஃபைலின் கடைசியில் எழுதப்படுகிறது. வால் அறுந்த ஃபைல் முக்கால்வாசி வந்திருந்தாலும் திறக்காது. எனவே மூன்றைப் பாருங்கள்: ஃபைல்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா, மொத்த அளவு பைட் வரை ஒன்றா, முக்கியமான கிளிப்பைத் திறந்து கடைசி வரை இழுத்தால் ஓடுகிறதா. ‘19.8 ஜிபி’ என்பது போதாது. ஒரு கருவி 1,000-ஆல் வகுத்துக் காட்டும், மற்றொன்று 1,024-ஆல் வகுத்துக் காட்டும். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இரண்டு ஜிபி எண்ணாகத் தெரியும். ப்ராபர்டீஸில் முழு பைட் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. இரண்டு பேர் இரண்டு ஐபோனில் எடுத்தால், இரண்டிலும் ‘ஐஎம்ஜி 0231’ என்ற பெயரில் வேறு வேறு கிளிப் இருக்க வாய்ப்பு நிறைய. ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ‘ரீப்ளேஸ்’ கேட்கும். அவசரத்தில் யாராவது ‘யெஸ்’ அழுத்துவார்கள். கருவிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குத் தேதி, சடங்கு, ஆள் என்று பெயர் வைத்துவிட்டால் இந்த விபத்துக்கு இடமில்லை.

ஒப்படைக்கும்போது ஒரு செய்தி அனுப்புங்கள். “அனுப்பிட்டேன்ணே” என்று மட்டும் போட்டால் அது செய்தி இல்லை. இப்படி இருக்கட்டும்: “அண்ணே, முகூர்த்தம் ஃபோன் ஃபுட்டேஜ் மொத்தம் 64 கிளிப், 19.8 ஜிபி. தாலி கட்டுறது 31, 32. நாற்பதாவதுல மேளச் சத்தம் உடைஞ்சிருக்கு, ரெக்கார்டர் ஆடியோவ எடுத்துக்குங்க. நீங்க ஓகே சொல்ற வரைக்கும் என் ஃபோன்ல இருந்து அழிக்க மாட்டேன்.” கடைசி வரிதான் எடிட்டரை நிம்மதியாகச் சாப்பிடப் போகவைக்கும்.

வேலை முடிந்ததும் ஏர்டிராப்பையும் குயிக் ஷேரையும் ‘எல்லோரும்’ என்பதிலிருந்து ‘கான்டாக்ட்ஸ்’ அல்லது ‘யாருமில்லை’க்கு மாற்றுங்கள். கூட்டத்தில் முன்பின் தெரியாத பெயரிலிருந்து வரும் ஃபைலை ஏற்காதீர்கள். வாடிக்கையாளர் படங்கள் தனிநபர் தகவல்கள்; அவற்றைக் காப்பதற்கென்றே 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மணப்பெண் அறையில் எடுத்த கிளிப் வேறு யார் ஃபோனிலாவது இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வட்டாரத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

எடிட்டர் வெளியூரில் இருந்தால்

அப்போது இன்டர்நெட்டைத் தவிர வழியில்லை. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. அதைத் தாண்டினால் டிரைவ் இணைப்பாக மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் அசல் தரத்தில் போகும். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை. டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு ஃபைலுக்கு 2 ஜிபி, பணம் கட்டினால் 4 ஜிபி. அதற்கு மேல் கிளவுட்தான். ஏற்றுவதற்கு அலுவலக ஃபைபர் இணைப்பைப் பயன்படுத்துங்கள். இறக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஏற்றும் வேகம், மொபைல் இணைப்பில் அது பல மடங்கு குறைவாக இருக்கும். ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று திறந்ததை, அவர் இறக்கிக்கொண்டதும் மூடிவிடுங்கள்.

20 ஜிபியையும் ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “எல்லாமே வேணுமா, இல்ல தேர்ந்தெடுத்த கிளிப் போதுமா?” மூன்று நிமிடப் படத்துக்கு 64 கிளிப்பும் வேண்டியிராது. முதலில் முக்கியமான 10 கிளிப்பை அனுப்பி அவரை வேலை தொடங்கவிட்டு, மீதியை இரவில் ஓடவிடலாம்.

வயரில்லா வழியை விட வேண்டிய இடம்

சினிமா, விளம்பர வேலைகளில் ‘ப்ரோரெஸ்ல எடு’ என்பார்கள். அதிகம் சுருக்காத வீடியோ வடிவம் அது; ஐபோனில் 4கே ப்ரோரெஸ் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. அரை மணி நேரம் என்றால் 180 ஜிபி. நொடிக்கு 40 எம்பி விடாமல் ஓடினாலும் ஒன்றேகால் மணி நேரம், அதற்குள் ஃபோன் அடுப்பாகிவிடும். அங்கே வைஃபை பேச்சையே எடுக்காதீர்கள். ஐபோன் 15 ப்ரோ முதல், டைப்-சி துளையில் எஸ்எஸ்டியை மாட்டி அதிலேயே நேரடியாகப் பதிவு செய்ய முடிகிறது. ஷூட் முடிந்ததும் எஸ்எஸ்டியைக் கழற்றி எடிட்டர் கையில் கொடுத்துவிடலாம். அதை வடிவமைக்கும்போது எக்ஸ்ஃபேட் என்று தேர்ந்தெடுங்கள். பழைய ஃபேட்32-ல் 4 ஜிபியை எட்டும் ஒற்றை ஃபைலுக்கு இடமே கிடையாது, ப்ரோரெஸ் ஒரே நிமிடத்தில் அதைத் தாண்டிவிடும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பென் டிரைவில் முழுக் கல்யாண வீடியோ ஏறாமல் ‘ஃபைல் பெரியது’ என்று வருவதும் இதனால்தான். டிரைவில் இடம் நிறைய இருக்கிறதே என்று அவர் வாதாடுவார். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட் ஆக்கிக் கொடுங்கள். அவர் வீட்டு டிவி அதைப் படிக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டிவிகள் சில படிக்காது. அவர்களுக்கு 4 ஜிபிக்குக் குறைவான இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பதே வழி.